வியாழக்கிழமை மீன்

தேசம்மா போனை மூக்கால்தான் எடுப்பாள். சிரிக்காதீர்கள், மெய்யாலுமே மூக்கால்தான். மீன் கழுவிய ஈரக் கையால் தொட்டால் அந்தக் கண்ணாடி கேட்காது. புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டாலும், ஒட்டியிருக்கும் செதிலுக்கு அது பாட்டுக்கு வேறு எங்கோ போய் நிற்கும். அதனால் குனிந்து மூக்கு நுனியால் ஒரு தள்ளு தள்ளுவாள். "சொல்லுக்கா" என்பாள். நான் முதல்முறை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் பெயர் ஜஹீதா. மந்தைவெளியில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தேசம்மா நொச்சிக்குப்பத்துக்காரி. புருஷன் லூர்துசாமி ஃபைபர் படகில் பிடித்து வருவதை இவள் விற்பாள். முன்பெல்லாம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து உட்காருவாள். அப்புறம் கடற்கரை ரோட்டில் கடை போட்டாள். இப்போது அரசாங்கம் கட்டிக்கொடுத்த மீன் அங்காடியில் ஓர் இடம் இருக்கிறது.

கொரோனா முடிந்த கையோடு ஆளாளுக்கு ஆப்பில் மீன் வாங்க ஆரம்பித்தார்கள். தேசம்மாவின் வியாபாரம் படுத்தது. நான்தான் ஒருநாள் அவள் போனைப் பிடுங்கி வாட்ஸாப்பில் ஒரு குரூப் போட்டுக்கொடுத்தேன். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று எனக்குத் தெரிந்த ஜாக்கெட் வாடிக்கையெல்லாம் அதில் சேர்த்தேன், லூர்துசாமியையும்தான். என் பெண் இந்தப் போனைக் கையில் பிடிக்கிற கம்ப்யூட்டர் என்பாள், அதில் என்னென்னவோ செய்யலாமாம். தேசம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். பேச வேண்டும், படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கம்ப்யூட்டர்.

அவர்கள் வேலை செய்யும் விதம் இது. லூர்துசாமி வலையை இழுத்து முடித்ததும், படகுத் தரையில் நீலத் தார்ப்பாயை விரித்து மீனை வகை வகையாகப் பரப்பிப் படம் எடுப்பான். நடுக்கடலில் சிக்னல் ஏது? படகு கரையைப் பார்த்து வந்துகொண்டே இருக்கும். சாந்தோம் கோயில் கோபுரம் புள்ளியாகத் தெரியும் நேரத்தில் சிக்னல் கிடைக்கும். உடனே படத்தை இவளுக்கு அனுப்புவான். இவள் குரூப்பில் போடுவாள். படகு மணலில் ஏறுவதற்குள் பாதி மீன் விலைபோயிருக்கும்.

இதில் ஒன்றை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. குப்பத்தில் அந்தப் படத்துக்கு வேறொரு அர்த்தம் வந்துவிட்டது. தேசம்மாவின் குரூப்பில் மீன் படம் வந்தால், லூர்து சிக்னலுக்குள் வந்துவிட்டான், ஆள் பத்திரம். முன்பு போல யாரும் கரையில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்ப்பதில்லை. போனைப் பார்த்தால் போதும். அடையாறில் இருக்கும் நிஷா மேடத்துக்கு அது மீன். குப்பத்துக்கு அது மனிதன்.

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லூர்துசாமி கடலுக்குப் போனான். கூட அவனுடைய பங்காளி பாரத். ஞாயிறன்று கடலுக்குப் போகக் கூடாது என்று அவன் அப்பா காலத்தில் கட்டுப்பாடு இருந்ததாம். ஆனால் நாமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதானே மீன் கேட்கிறோம்? சனி போய், ஞாயிறு முதல் பூசைக்குள் வந்துவிட்டால் பாவமில்லை என்று இவர்களே ஒரு சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள்.

அன்று விடியற்காலை வாடைக்காற்று கண்டபடி அடித்தது. பக்கத்து வீட்டு பிரசாத்தின் படகு வந்துவிட்டது. இன்னும் சில படகுகளும் வந்துவிட்டன. லூர்துசாமியின் படம் வரவில்லை. தேசம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். போன் போட்டால், எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பொம்பளை ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிரசாத் தைரியம் சொன்னான். "இன்னாத்துக்குக்கா இப்டி நடுங்குற? காத்து ஜாஸ்தி, மெதுவா வந்துகினு இருப்பாரு. பூச முடியறதுக்குள்ள போட்டா வர்லன்னா நாங்க படகு எடுத்துக்கினு போறோம். பெட்ரோல் ஊத்தி ரெடியா வெச்சிகிறேன். நீ கடையாண்ட போ."

அவளும் அங்காடிக்கு வந்து உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்? ஐஸ் உடைத்து வைத்தாயிற்று. பலகையில் மீன் இல்லை. பக்கத்துக் கடைக்காரிகள் அவளைப் பார்ப்பதும், பார்க்காதது போல் முகத்தைத் திருப்புவதுமாக இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். வாய்விட்டு ஏதாவது கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லையாம்.

இதற்கு நடுவில் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? டிங், டிங் என்று ஒரே சத்தம். இன்றைக்கு வஞ்சரம் உண்டா, சங்கரா என்ன விலை, இறால் எடுத்து வையுங்கள். நிஷா மேடம் வீட்டுக்கு யாரோ விருந்தாளிகளாம், ஐந்து நிமிஷத்தில் சொல்லாவிட்டால் ஆப்பில் போட்டுவிடுவேன் என்று எழுதினார்கள். ஒவ்வொரு டிங்குக்கும் இவள் புருஷன்தான் என்று பதறி எடுப்பாள். பார்த்தால் இறால்.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். வியாழக்கிழமைப் படம் ஒன்று அம்சமாக இருந்தது. நீலத் தார்ப்பாயில் கானாங்கத்தை ஒரு குவியல், ஓரத்தில் இரண்டு வஞ்சரம். அதை எடுத்து குரூப்பில் போட்டுவிட்டாள்.

"கஸ்டமர் போயிடுவாங்கன்னு போட்டியா?" என்று பிற்பாடு நான் கேட்டேன்.

"அதுவுந்தான்" என்றாள். அப்புறம், "போட்டா போட்டுட்டா அவரு வந்துடுவார்னு தோணுச்சுக்கா. டெய்லி அப்டித்தான நடக்குது. போட்டா வரும், அப்பால அவரு வருவாரு" என்றாள்.

பயத்தில் இருக்கிற மூளைக்கு எதுவும் நியாயமாகத்தான் தெரியும். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு சுர்ரென்று ஏறியது. அந்த வஞ்சரத்தில் ஒன்றுக்கு வால் பக்கம் வலை அறுத்த ஒரு வெட்டு இருந்தது. வியாழக்கிழமை அந்த மீனை வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவளே நான்தான். என்னிடமேவா? உடனே போன் போட்டேன். மூக்கால் எடுத்தாள்.

"ஏம்மா தேசம்மா, என்னை என்ன கேணைன்னு நெனச்சியா? வியாழக்கிழமை நான் தின்ன மீனை ஞாயித்துக்கிழமை எனக்கே விக்கிறியே, நல்லா இருக்கா உனக்கு?"

அந்தப் பக்கம் ஐஸ் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தேசம்மா?"

"அவரு வரலக்கா" என்றாள்.

அல்லாவே! அப்படியே கட்டிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன, எப்போது, யார் தேடப் போயிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"பிரசாத்து போயிருக்கும். பூச முடிஞ்சிட்ச்சில்ல? போயிருக்கும்."

அந்தப் 'போயிருக்கும்' எனக்குப் பிடிக்கவில்லை. "நீ பாத்தியா?" என்றேன்.

"இல்லக்கா. நான் இங்கியேதான் குந்திகினுகீறேன்."

"எழுந்து போய்ப் பாரு. இப்பவே போ."

அவள் எழுந்தாள். போனை அணைக்காமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள். நானும் வைக்கவில்லை. புடவை உரசுகிற சத்தம், ரோட்டில் ஆட்டோ, அப்புறம் காற்று. மணலில் ஓடும்போது அவள் மூச்சு வாங்குவது என் காதுக்குள்ளேயே கேட்டது. நான் தையல் கடையில் உட்கார்ந்துகொண்டு அவளோடு ஓடினேன்.

பிறகு பிரசாத்தின் குரல். சாவகாசமான குரல். டீ குடித்துக்கொண்டிருந்தானாம்.

"இன்னாக்கா, அண்ணன் வந்துட்டாரா? வாடை இஸ்துகினு போயிருக்கும், இல்ல? எங்க ஏத்தினாரு, பட்டினப்பாக்கத்துலயா?"

"நீ ஏன்டா இங்க கீற?" என்றாள் தேசம்மா. "நீ போவலயா?"

"எங்க போறது? நீதான போட்டா போட்ட? ரோஸி காட்டுச்சு. அண்ணன் சிக்னலுக்கு வந்துட்டாருன்னு தான நாங்க படகுலேர்ந்து எறங்கிட்டோம்."

ரோஸி பிரசாத்தின் மனைவி. தேசம்மாவிடம் சரக்கு இல்லாத நாளில் இவள் கொடுப்பாள் என்று, நான்தான் அவளையும் அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தேன். அது தேசம்மாவுக்கு மறந்தே போயிருந்தது. அவள் அந்தப் படத்தை வாங்குகிறவர்களுக்குப் போட்டாள். குப்பம் அதைப் படித்துவிட்டது.

அதற்கப்புறம் போனில் நான் கேட்ட சத்தத்தை எழுத்தில் எழுத எனக்கு வராது. அழுகை இல்லை அது. மாரில் அடித்துக்கொள்கிற சத்தம், நடுவில், "அது வியாழக்கெழம மீனுடா, அது வியாழக்கெழம மீனுடா" என்று.

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது பிரசாத்தின் படகும் இன்னொரு படகும் அலையைத் தாண்டிக்கொண்டிருந்தன. யாரோ கடலோரப் போலீசுக்கும் சொல்லிவிட்டார்கள். தேசம்மா ஈர மணலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். ஒருத்தி, "உனுக்கு மீன் விக்கறதுதான் பெர்சா பூட்ச்சா?" என்று கேட்டே விட்டாள். தேசம்மா வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா? வர்ற வரைக்கும் பொறுத்து அப்புறம் கேளுங்க" என்று கத்தினேன். வர்ற வரைக்கும் என்று சொல்லிவிட்டேனே தவிர, வருவார்களா என்று எனக்கே தெரியாது.

"அத்த அழிச்சிடுக்கா" என்று போனை என்னிடம் நீட்டினாள். "அந்தப் போட்டாவ அழிச்சிடு."

அழித்தேன். ஏற்கெனவே நாலு பேர் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். யாரோ கட்டைவிரல் வேறு தூக்கிக் காட்டியிருந்தார்கள். பார்த்தவர்கள் பார்த்ததை நான் எப்படி அழிப்பேன்?

நாங்கள் இழந்த நேரம்தான் எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வாடை ஒரு படகை எவ்வளவு தூரம் தெற்கே தள்ளிக்கொண்டு போகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெயில் ஏற ஏறக் கடல் பளபளவென்று ஆகி, பார்க்கிற இடமெல்லாம் படகு போலவே இருந்தது. தேசம்மா ஜெபமாலையை எடுத்தாள். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பிப்பாள், பாதியில் நின்றுவிடுவாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நான் எனக்குத் தெரிந்ததை ஓதிக்கொண்டிருந்தேன். இரண்டும் கலந்து கேட்டது.

அங்காடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் எழுந்து போகிற நேரம். போன் அடித்தது. தேசம்மா விரலால் தள்ளினாள், எடுக்கவில்லை. கையெல்லாம் மண்ணும் கண்ணீரும். மறுபடி தள்ளினாள். நான் பிடுங்கப் போனேன், கொடுக்கவில்லை. அடிப்பது நின்றுவிடப் போகிறது என்று எனக்கு உயிர் போனது. சட்டென்று குனிந்து மூக்கால் தள்ளினாள்.

"கெட்ச்சிட்டாங்கக்கா" என்று பிரசாத்தின் குரல், காற்றோடு. "பாலவாக்கத்துக்கு நேரா கீறோம். ரெண்டு பேரும் கெட்ச்சிட்டாங்க. உசுரோட கீறாங்க. இஸ்துகினு வரோம்."

தேசம்மா அப்படியே மணலில் முகம் குப்புறச் சாய்ந்தாள். மீன் விற்கிறதுதான் பெரிசா என்று அவளைக் கேட்டவள்தான் முதலில் ஓடிப்போய்த் தூக்கினாள்.

நடந்தது இதுதான். யாரோ அறுத்துவிட்ட வலை ஒன்று இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டு இஞ்சின் நின்றுவிட்டது. வலையை எடுக்கக் குனிந்தபோது அலை அடித்துப் படகுக்குள் தண்ணீர். இருவரும் மாற்றி மாற்றி இறைத்துக்கொண்டே தெற்கே போயிருக்கிறார்கள். பிரசாத் போய்ச் சேர்ந்தபோது படகு பாதி முழுகியிருந்தது. பாரத்துக்குக் கை தூக்க முடியவில்லை.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தெரியும்.

அந்த வாரமே தேசம்மா என் கடைக்கு வந்தாள். கூடை இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்துபோய் மெஷினை நிறுத்தினேன்.

"அவரு நல்லாத்தான் கீறாரு. தூங்கினு கீறாரு" என்றாள். "இத்தப் பாரு."

லூர்துசாமியின் போன் அன்று கடலிலேயே சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை அரிசியில் புதைத்து வைத்து, ஈரம் போனதும் சார்ஜில் போட்டாள். அவன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். போன் உயிர் வந்து வெளிச்சம் போட்டது. அடுத்த நிமிஷம் இவள் போனில் டிங். பார்த்தால், பக்கத்தில் தூங்குகிறவனிடமிருந்து ஒரு வீடியோ.

என் மேஜையில் வைத்து அதை ஓடவிட்டாள். முதலில் வானம் ஆடியது. பிறகு அவன் முகம், உப்புப் பூத்து, உதடு வெடித்து. பின்னால் தண்ணீர் இறைக்கிற சத்தம்.

"தேசா. இப்போ ஒரு நிமிசம் சிக்னல் வந்துச்சு. உனுக்குப் போட்டேன், கட்டாயிட்ச்சு. குரூப்ல நீ போட்ட போட்டாவப் பாத்தேன். வியாழக்கெழம மீனு. கஸ்டமர் பூடுவாங்கன்னு போட்டுகிற, தெரியுது. ரோஸி பாத்திருக்கும். யாரும் வரமாட்டாங்க."

பாரத்தின் குரல் கேட்டது: "யாராண்ட பேசுற? சிக்னல் வந்துச்சா? வராங்களா?"

"வராங்கடா, நீ எற" என்றான் லூர்துசாமி, முகத்தைத் திருப்பாமல். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னாமே, கேட்டுக்கோ. ஊரு உன்னப் பேசும். உட்றாத. அந்தப் போட்டாவ இன்னிக்குக் காலைல நான்தான் அனுப்புனேன்னு சொல்லு. சிக்னலுக்கு வந்துட்டு அப்பால முழுகிட்டாருன்னு சொல்லு. பழைய போட்டான்னு யாராண்டயும் சொல்லாத. உன் மேல பழி வரக் கூடாது. இன்னா?"

அங்கே நின்றுவிட்டது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

"அவருக்குத் தெரியுமா, இது உனக்கு வந்தது?" என்றேன்.

"தெரியும்க்கா. அவரு போன எடுத்துப் பாத்தேன். ரெண்டு டிக்கும் நீலமா கீது, நான் பாத்துட்டேன்னு. அவரும் பாத்திருப்பாரு. அவரு ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. சோறு போட்டேன், துன்னாரு."

கடலுக்கு மறுபடி எப்போது போவான் என்று கேட்டேன். இஞ்சின் சரியாகிவிட்டது, சாயங்காலம் போகிறான் என்றாள். ஸ்டூலிலிருந்து எழுந்து, என் மெஷினுக்குக் கீழே கிடந்த வெட்டுத்துணிக் குப்பையைக் கிளறினாள். ஒரு ஆரஞ்சு நிறத் துண்டை எடுத்தாள்.

"இத்த எடுத்துக்கவா? மீனு நடுவுல வெச்சி போட்டா எடுக்கச் சொல்லணும். அப்போதான் அது இன்னிக்கு எடுத்ததுன்னு தெரியும். நாளைக்கு வேற கலர் குடு."

அன்றிலிருந்து தினமும் வந்து ஒரு துண்டு வாங்கிப்போகிறாள். பச்சை, ஜரிகை, பூப்போட்டது. நேற்றுக் கொடுத்த நிறத்தை இன்று கொடுக்க மாட்டேன். மீனுக்கு நடுவில் துணி எதற்கு என்று நிஷா மேடம் குரூப்பில் கேட்டிருந்தார்கள். சுத்தத்துக்கு என்று நான் பதில் போட்டேன். காலையில் படம் வந்ததும் நான் முதலில் துணியைத் தேடுகிறேன். இருந்தால்தான் மூச்சு விடுகிறேன். என்ன மீன் என்பதை அப்புறம்தான் பார்க்கிறேன்.